விண்வெளியில் ஒரு வேடம்: கணினி விளையாட்டை நூல்போல் பயில்வது எப்படி?

முன்னுரை

இன்றைய மாணவர்களின் ஓய்வு நேரத்தைப் பெரிதும் கவர்ந்திருப்பவை கணினி விளையாட்டுகளே ஆகும். அவற்றின் பெயரைக் கேட்ட அளவிலேயே முகம் சுளிக்கும் பெரியோர் உளர். அவையே உலகமென்று இரவைப் பகலாக்கும் இளைஞரும் உளர். இவ்விரு சாராரும் ஒரு வினாவை எழுப்புவதில்லை. 'இவ்விளையாட்டுகளுள் ஊன்றிப் பயிலத்தக்கது ஏதேனும் உண்டா? உண்டெனில் அதனைப் பயிலும் முறை யாது?' என்பதே அவ்வினா. நாவலும் நாடகமும் திரைப்படமும் ஒரு காலத்தில் இளைஞரைக் கெடுப்பன என்றே ஐயுறப்பட்டன. பின்னர் அவற்றுள் நல்லவற்றைப் பிரித்தறியும் திறனாய்வு வளர்ந்தது. அவை பாடத்திட்டத்திலும் இடம் பெற்றன. கணினி விளையாட்டுக்கு அத்தகைய திறனாய்வு தமிழில் இன்னும் போதிய அளவு உருவாகவில்லை.

அறிவியல் புனைகதையை அடிப்படையாகக் கொண்ட 'மாஸ் எஃபெக்ட்' என்னும் விளையாட்டை எடுத்துக்கொண்டு, அதனை முழுமையாக நுகரும் நெறிகளைத் தமிழ் மரபின் துணையோடு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அறிவியல் புனைவும் தமிழகமும்

அறிவியல் புனைவு நமக்கு அயலானது என்று கருத வேண்டியதில்லை. வங்கத்தைச் சேர்ந்த ரொக்கையா சகாவத் உசேன் என்னும் முஸ்லிம் பெண்மணி ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' 1905ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனை வெளியிட்டது சென்னையிலிருந்து வந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்னும் இதழாகும். கதிரவன் வெப்பத்தால் சமைப்பதையும், வானூர்தியில் செல்வதையும், பெண்கள் நாட்டை ஆள்வதையும் அக்கதை அன்றே கற்பனை செய்தது.

விருத்தாசலம் என்றவுடன் தமிழ் மாணவர் நெஞ்சில் ஊரோடு ஓர் எழுத்தாளரும் தோன்றுவார். புதுமைப்பித்தனின் இயற்பெயர் சொ. விருத்தாசலம் என்பதை நாம் அறிவோம். மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்ட 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலைப் 'பிரேத மனிதன்' என்னும் பெயரில் தமிழுக்குத் தந்தவர் அவரே. தான் படைத்த உயிருக்குப் படைத்தவன் பொறுப்பேற்க வேண்டுமா என்பதே அந்நாவலின் உயிர்நிலையான வினாவாகும். பிற்காலத்தில் சுஜாதா 'என் இனிய இயந்திரா', 'மீண்டும் ஜீனோ' ஆகிய நாவல்களில் ஜீனோ என்னும் இயந்திர நாயைப் படைத்து, பொறிக்கு உள்ளம் உண்டோ என்று எண்ண வைத்தார். நாம் ஆராயவிருக்கும் விளையாட்டும் இவ்வினாக்களையே எழுப்புகிறது. எனவே புதுமைப்பித்தனையும் சுஜாதாவையும் பயின்ற மாணவருக்கு இது முற்றிலும் புதிய நிலமன்று.

வேடமேற்பு விளையாட்டு என்பது யாது?

இவ்வகை விளையாட்டை 'அதிரடி வேடமேற்பு விளையாட்டு' எனலாம். அதிரடி என்பது கண்ணும் கையும் விரைந்து செயற்படும் போரைக் குறிக்கும். வேடமேற்பு என்பது கதையின் மாந்தர் ஒருவராக நாமே நின்று பேசுவதும் முடிவெடுப்பதும் ஆகும். கடலூர், விழுப்புரம் வட்டாரத்து மக்களுக்கு வேடம் கட்டுதல் என்னும் தொடர் தெருக்கூத்தால் நன்கு பழகியது. கூத்தில் கர்ணன் வேடம் கட்டியவர் கர்ணனாகவே நின்றாலும், கதையின் முடிவை மாற்ற இயலாது. வேடமேற்பு விளையாட்டிலோ வேடம் கட்டியவர் கதையின் போக்கையும் ஓரளவு மாற்றலாம்.

இவ்வேறுபாடு சிறிதன்று. சிலப்பதிகாரம் பயில்வோர், கோவலன் சிலம்போடு மதுரை வீதியில் நடக்கும்போது 'போகாதே' என்று உள்ளம் பதைப்பர். ஆயினும் அவனைத் தடுத்தல் இயலாது. படிப்பவர்க்கு அங்கே இரக்கம் உண்டு, பொறுப்பு இல்லை. விளையாடுபவர்க்கோ இரக்கத்தோடு பொறுப்பும் வந்து சேர்கிறது. நல்ல வேடமேற்பு விளையாட்டின் தனிச்சுவை இப்பொறுப்புணர்ச்சியில்தான் உள்ளது. அதனை உணராமல் சுட்டுத் தள்ளுவதோடு நின்றுவிடுபவர், பழத்தை எறிந்துவிட்டுத் தோலைச் சுவைப்பவரே ஆவார்.

மாஸ் எஃபெக்ட்: ஓர் அறிமுகம்

இவ்விளையாட்டை உருவாக்கியது கனடாவின் எட்மண்டன் நகரிலுள்ள பயோவேர் நிறுவனம். 1995இல் அதனைத் தோற்றுவித்தவர்கள் மருத்துவம் பயின்றவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. மாஸ் எஃபெக்ட் முதற்பாகம் 2007இலும், இரண்டாம் பாகம் 2010இலும், மூன்றாம் பாகம் 2012இலும் வெளிவந்தன. மூன்றும் செம்மை செய்யப்பட்டு, 'லெஜண்டரி எடிஷன்' என்னும் பெயரில் 2021 மே மாதம் ஒரே தொகுப்பாக வந்தன. புதிதாகத் தொடங்குவோர்க்கு இத்தொகுப்பே ஏற்றது.

கதை கி.பி. 2183இல் தொடங்குகிறது. மனிதர்கள் பிற விண்மீன் மண்டலங்களில் குடியேறிப் பல்வேறு இனத்தாரோடு பழகும் காலம் அது. சிட்டடல் என்னும் மாபெரும் விண்நிலையத்தில் அசாரி, சலேரியன், டூரியன் ஆகிய மூவினத்தார் அடங்கிய அவை ஆட்சி செலுத்துகிறது. நார்மண்டி என்னும் கப்பலின் தலைவராகிய ஷெப்பர்டின் வேடத்தை நாம் ஏற்கிறோம். ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை தோன்றி, வளர்ந்த நாகரிகங்களையெல்லாம் அறுவடை செய்யும் ரீப்பர்கள் என்னும் பேரியந்திரங்களிடமிருந்து உயிரினங்களைக் காப்பதே கதையின் நெடும்பொருளாகும்.

தொல்காப்பியம் கூறும் முதல், கரு, உரி என்னும் பகுப்பை இங்கும் பொருத்திப் பார்க்கலாம். விண்வெளியும் எதிர்காலமும் முதற்பொருள். கோள்களும் இனங்களும் கருவிகளும் கருப்பொருள். நட்பு, பிரிவு, துரோகம், தியாகம் ஆகிய மானிட ஒழுக்கங்கள் உரிப்பொருள். விளையாடுவோருள் பலர் கருப்பொருளோடு நின்றுவிடுகின்றனர். உரிப்பொருளை எட்டுபவரே பயனடைபவர்.

முதல் நெறி: வேடத்தை முன்னரே தெளிதல்

விளையாட்டின் தொடக்கத்திலேயே ஷெப்பர்ட் ஆணா பெண்ணா, பிறப்பும் வளர்ப்பும் எங்கே, படைவாழ்வில் பெற்ற பெயர் என்ன என்பனவற்றை நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். போர்த்திறன் வகைகள் ஆறு உள்ளன. துப்பாக்கிப் போர் மட்டுமே வல்ல வீரர் முதல், உளவலிமையால் பொருள்களை எறியும் 'பயாட்டிக்' ஆற்றலர் வரை அவை அமையும். அவசரப்பட்டு இவற்றைக் கடந்துவிடலாகாது. 'இவர் எத்தகையவர்? எதற்கு அஞ்சுவார்? எதனை விட்டுக்கொடுக்கமாட்டார்?' என்று ஒரு தாளில் நான்கு வரி எழுதிக்கொள்வது நலம். சிறுகதை எழுதப் பழகும் மாணவர்க்கு இதனினும் நல்ல பயிற்சி வேறில்லை.

இரண்டாம் நெறி: புள்ளிக்காகப் பேசாமை

உரையாடலின்போது திரையில் ஒரு சக்கரம் தோன்றும். அதன் வலப்பக்கத்து மறுமொழிகளுள் மேலுள்ளது பெரும்பாலும் சான்றாண்மையும் பொறுமையும் சார்ந்தது. கீழுள்ளது கடுமையும் விரைவும் சார்ந்தது. இடப்பக்கம் மேலும் வினவி அறிவதற்கு உரியது. சான்றாண்மை வழியைப் 'பாரகன்' என்றும், வன்மை வழியை 'ரெனிகேட்' என்றும் வழங்குவர். முன்னதற்கு நீல நிறம், பின்னதற்குச் சிவப்பு.

பலர் ஒரு வழியைத் தேர்ந்து, சொல்லின் பொருளையே நோக்காமல் மேலுள்ளதையோ கீழுள்ளதையோ அழுத்திச் செல்வர். அங்ஙனம் செல்வோர்க்கு விளையாட்டும் ஒருவகையில் துணைபோகிறது. ஒரே வழியில் மிகுந்த புள்ளி சேர்த்தவர்க்கே சில இக்கட்டுகளில் பேசித் தீர்க்கும் வாய்ப்புத் திறக்கும். இஃது இவ்விளையாட்டின் குறை என்றே நாம் கருதுகிறோம். அறத்தை எண்ணிக்கையாக்கினால் அறம் பண்டமாகிவிடும். எனினும் ஒரு தீர்வு உண்டு. பெரும்பான்மையான இடங்களில் தேர்ந்த வழியிலேயே நின்று, வேடத்தின் இயல்புக்கு உண்மையில் மாறாகும் இடத்தில் மட்டும் விலகலாம். அவ்வாறு விலகிய இடங்களே நெடுநாள் நினைவில் நிற்கும்.

மூன்றாம் நெறி: சுட்ட மண்ணைக் கரைக்க முயலாமை

நம் எல்லா முடிவுகளும் கணினியில் ஒரு கோப்பாகச் சேமிக்கப்படுகின்றன. முதற்பாகத்து முடிவுகள் அக்கோப்பின் வழியே இரண்டாம் பாகத்துக்கும், அங்கிருந்து மூன்றாம் பாகத்துக்கும் செல்லும். எனவே மூன்றையும் வரிசை பிறழாது, ஒரே ஷெப்பர்டைக் கொண்டு ஆடுதல் இன்றியமையாதது.

விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். அத்தொழிலை அறிந்த மாணவர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். களிமண் கூழை அச்சில் வார்த்தெடுத்த பொருள், சூளைக்குச் செல்லும்வரை நீரிலிட்டால் மீண்டும் கூழாகும்; வேறு வடிவில் வார்க்கலாம். சூளையில் வெந்தபின் அது கரையாது. நன்றாக அமைந்தால் பாண்டம். விரிசல் கண்டால் ஓடு. விளையாட்டில் முடிவெடுத்தபின் விளைவு கசப்பாயிருப்பின், பழைய கோப்பைத் திறந்து முடிவை மாற்றிக்கொள்ள முடியும். அவ்வசதியைப் பயன்படுத்துவோர் வெந்த மண்ணைக் கரைக்க முனைபவராவர். முதன்முறை ஆடும்போதாவது எடுத்த முடிவோடு வாழ்வதே சிறந்தது. இழப்பைத் தாங்காத கதையில் சுவை பிறவாது.

இழப்பின் சுவைக்கு முதற்பாகத்து விர்மையர் கோள் சான்றாகும். அங்கே நம் தோழருள் இருவர் வெவ்வேறிடத்தில் சிக்குகின்றனர். ஒருவரை மட்டுமே காக்கலாம். நற்சொல்லாலோ போர்த்திறத்தாலோ இருவரையும் காக்கும் வழி அங்கில்லை. எந்தப் புள்ளியும் உதவாத அவ்விடத்தில்தான் விளையாடுபவரின் மனம் தன்னைத் தானே கேள்வி கேட்கத் தொடங்குகிறது.

நான்காம் நெறி: தோழரோடு உரையாடல்

ஒவ்வொரு பணி முடிந்தபின்னும் கப்பலைச் சுற்றி நடந்து, தோழர் ஒவ்வொருவரிடமும் பேச வேண்டும். இஃது ஓய்வு நேர அரட்டையன்று. கதையின் நடுநாடியே இதுதான். இரண்டாம் பாகத்தில் இதன் பயன் வெளிப்படையாகும். இறுதிப்போர் மீளமுடியாத பயணம் எனப் பெயர் பெற்றது. அதற்கு முன் தோழர் ஒவ்வொருவருக்கும் உரிய மனக்குறையைத் தீர்த்து நம்பிக்கை பெறலாம். அவ்வாறு செய்யாதவரின் தோழர், உள்ளம் அலைக்கழிய நின்று போரில் மடிய நேரும். கப்பலின் கவசத்தையும் காப்புத்திரையையும் பீரங்கியையும் முன்னரே மேம்படுத்தாவிடில், களத்தை அடையும் முன்பே தோழரை இழக்கலாம். யாரை எப்பணிக்கு அனுப்புவது என்பதிலும் தெளிவு வேண்டும். பொறிநுட்பம் வல்லாரைப் பொறிக்கும், படை நடத்தி முதிர்ந்தாரைப் படைக்கும் அனுப்ப வேண்டும். இதனை இவன் முடிப்பான் என்று ஆராய்ந்து, அதனை அவனிடம் விடுதல் வேண்டும் என்று வள்ளுவர் வகுத்த நெறியை இங்குச் செயலிற் காணலாம். கப்பல் பணியாளர் கடத்தப்பட்டபின் பிற வேலைகளில் காலம் தாழ்த்தினால், அவர்களுள் பலர் இறந்துபடுவர் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

ஐந்தாம் நெறி: களஞ்சியத்தைப் படித்தல்

'கோடெக்ஸ்' என்னும் கலைக்களஞ்சியம் ஒன்று விளையாட்டினுள்ளேயே உள்ளது. இனங்களின் வரலாறு, சமயம், போர்கள், கப்பல்களின் இயக்கம் ஆகியன அதில் விளக்கப்பட்டுள்ளன. பழைய இலக்கியத்தை உரையின்றிப் பயில்வது எத்துணைக் கடினமோ, இதனைக் களஞ்சியமின்றி ஆடுவதும் அத்துணைக் கடினம். நாள்தோறும் இரண்டு பதிவுகள் படித்தாலே போதும்.

போரைப் பற்றி மிகச் சுருக்கமாகக் கூறலாம். ஆற்றல்களைத் தேரும் சக்கரத்தைத் திறந்தால் போர் அப்படியே நிற்கும். அந்நேரத்தில் எண்ணித் தோழர்க்குக் கட்டளையிடலாம். கைவேகம் குறைந்தோரும் அஞ்ச வேண்டியதில்லை. இரண்டாம் பாகத்திலிருந்து பகைவரின் காப்பைக் கண்டு தாக்குவது இன்றியமையாதது. நீலக் காப்புத்திரைக்கு மின்தாக்கும், மஞ்சள் கவசத்துக்கு நெருப்பும் ஏற்றவை. நம்மிடம் இல்லாத ஆற்றலை உடைய தோழரை உடன் அழைத்துச் செல்வதே போர்நெறியின் சாரமாகும். கடினநிலையை முதன்முறை நடுத்தரமாக வைத்துக்கொள்வது போதும்.

ஒரு வழக்கு: குரோகன் இனத்தின் தொட்டில்

இவ்விளையாட்டு எத்துணை ஆழம் உடையது என்பதை விளக்க ஒரு வழக்கை மட்டும் எடுத்துக்காட்டுவோம். ராக்னை என்னும் பகைவரை வெல்லுதற்காகச் சலேரியன் இனத்தார், பின்தங்கியிருந்த குரோகன் இனத்துக்கு அறிவியலைக் கொடுத்து உயர்த்தினர். போர் முடிந்தது. பல்கிப் பெருகிய குரோகன்கள் பிறர் நிலங்களைக் கவர்ந்தனர். அவர்களை அடக்கச் சலேரியன்கள் 'ஜெனோஃபேஜ்' என்னும் உயிரியற் கருவியைப் படைத்தனர். டூரியன்கள் அதனைப் பரப்பினர். அதன்பின் குரோகன் இனத்தில் ஆயிரம் கருவுக்கு ஒன்றே உயிரோடு பிறந்தது.

மூன்று பாகங்களிலும் இவ்வழக்கு நம்மைத் தொடர்கிறது. முதற்பாகத்தில் இந்நோய்க்கு மருந்து உருவாகும் இடத்தையே அழிக்க வேண்டிய நிலை வருகிறது. குரோகன் தோழனாகிய ரெக்ஸ் அதனைக் கேட்டுச் சினந்து நம்மை எதிர்த்து நிற்கிறான். அவனைப் பேசி அமைதிப்படுத்தலாம்; இயலாவிடில் அவன் இறப்பான். இரண்டாம் பாகத்தில் அந்நோயைத் திருத்தி வலுப்படுத்திய அறிஞர்களுள் ஒருவராகிய மோர்டின் நம் தோழராகிறார். அவர் கொடியவர் அல்லர். நகைச்சுவையும் பரிவும் உடையவர். தம் செயல் கணக்கின்படி சரியே என்று வாதிடுபவர். ஆயினும் சோதனையில் மாண்ட குரோகன் பெண்ணின் உடல் முன் நின்று கலங்குபவர். அவர் மாணவனின் ஆய்வுக் குறிப்புகளைக் காப்பதா அழிப்பதா என்று நாம் முடிவு செய்ய வேண்டும். மூன்றாம் பாகத்தில் மருந்தைப் பரப்புவதா, இரகசியமாகக் கெடுத்துச் சலேரியன் படையுதவியைப் பெறுவதா என்னும் வினா எழுகிறது. ரெக்ஸ் உயிரோடிருந்தால் குரோகன்களுக்கு அறிவுள்ள தலைமை உண்டு. இறந்திருந்தால் பழிவாங்கும் நெஞ்சினன் தலைவனாவான். முன்பு குறிப்புகளைக் காத்திருந்தால் ஒரு பெண் தலைவி பிழைப்பாள், அழித்திருந்தால் இறப்பாள். மருந்தைப் பரப்புவதே நம் முடிவாயின், மோர்டின் தம் உயிரைக் கொடுத்து அதனை நிறைவேற்றுவார்.

ஒரு கூட்டத்தாரின் தொட்டிலை இன்னொரு கூட்டத்தார் எண்ணிக் கட்டுப்படுத்தலாமா? பெருகுவர் என்னும் அச்சம் அதற்குப் போதிய காரணமா? இவை வெறும் கற்பனை வினாக்கள் அல்ல. 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலைக் காலத்தில் வடமாநிலங்களில் நடந்த கட்டாயக் கருத்தடைகளை நம் பெரியோர் மறந்திரார். அறிவியல் புனைவு நெடுந்தொலைவுக்கு நம்மை அழைத்துச் சென்று, வீட்டு வாசலில் நடந்ததையே காட்டுகிறது. தொலைவில் நின்று பார்ப்பதால், விருப்பு வெறுப்பின்றிப் பார்க்கும் வாய்ப்புக் கிட்டுகிறது.

இதற்கு இணையான மற்றொரு வழக்கும் உண்டு. குவாரியன் இனத்தார் வேலைக்காகப் படைத்த 'கெத்' என்னும் இயந்திரங்கள், தமக்கு ஆன்மா உண்டோ என்று கேட்கத் தொடங்கின. அஞ்சிய படைத்தோர் அவற்றை அழிக்க முயன்று தோற்று, ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாகக் கப்பல்களிலேயே நாடற்று வாழ்கின்றனர். உயிர்களை அறிவின் அடிப்படையில் ஓரறிவு முதலாக வகுத்த தொல்காப்பியரை நினைந்து, கெத்துக்கு எத்தனை அறிவு எனக் கேட்டால் வகுப்பறையில் ஒரு நாள் முழுவதும் விவாதிக்கலாம். இரண்டாம் பாகத்தில் இவ்விரு தரப்புத் தோழரின் பூசலைப் பொறுமையோடு தீர்த்து, பிற கடமைகளையும் வழுவாது செய்தவர்க்கே மூன்றாம் பாகத்தில் இருதரப்பையும் அமைதியாக்கும் வழி திறக்கும். அமைதி என்பது கடைசி நேரத்துச் சொல்வன்மையால் வருவதன்று. நெடுநாள் உழைப்பின் பயன் என்பதை இதனினும் தெளிவாக உணர்த்தும் கதைகள் சிலவே.

முடிவைப் பற்றிய பூசல்

மூன்றாம் பாகத்தின் முடிவு 2012இல் பெரும் எதிர்ப்பை எழுப்பியது. நூற்றுக்கணக்கான முடிவுகளை எடுத்துவந்த தங்களுக்கு இறுதியில் சில வாயில்களே காட்டப்பட்டன என்று ஆடியோர் வருந்தினர். அவ்வாண்டு சூன் மாதத்தில் விரிவாக்கிய முடிவை நிறுவனம் விலையின்றி வெளியிட்டது. முடிவை மட்டும் எதிர்நோக்கி ஆடுவோர் ஏமாற்றமடையலாம். வழிநெடுகிலும் கண்ட முகங்களையும் தீர்த்த பூசல்களையும் பயனாகக் கருதுவோர் நிறைவடைவர்.

எல்லைகள்

பெற்றோரும் பெரியோரும் அறிய வேண்டிய செய்திகளை மறைத்தல் முறையாகாது. இவ்விளையாட்டு சிறுவர்க்கு உரியதன்று. அமெரிக்கத் தர வாரியம் இதனைப் 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்க்கே உரியதாக வகைப்படுத்தியுள்ளது. குருதியும் கொலையும் உண்டு, காதற்காட்சிகளும் உண்டு. காதற்பகுதி ஆடுவோரின் தேர்வைப் பொறுத்தது. அதனைத் தவிர்த்தும் கதையை முழுமையாக நடத்தலாம். பக்கப்பணிகளோடு ஆடினால் மூன்று பாகங்களும் நூறு மணி நேரத்தை எட்டும். ஒரே மாதத்தில் முடிக்க முனைபவர் தூக்கத்தையும் தேர்வையும் தொழுகையையும் இழப்பார். விடுமுறை நாளில் ஒருநாளைக்கு ஒரு பணி, அதன்பின் தோழர் உரையாடல், அத்துடன் நிறுத்தம் என்று வரையறுத்துக்கொண்டால் ஓராண்டு முழுவதற்கும் சுவை நீடிக்கும். தொடர்கதையை வாரந்தோறும் காத்திருந்து படித்த தலைமுறைக்கு இவ்வின்பம் புதிதன்று.

முடிவுரை

ஒன்று மட்டும் நம்மை உறுத்துகிறது. இவ்விளையாட்டில் தமிழ் உரைவரிகள் இல்லை. நம் மாணவர் ஆங்கிலத்தில் ஆடி, ஆங்கிலத்திலேயே அதனைப் பற்றிப் பேசுகின்றனர். ஒரு தலைமுறையின் அறச்சிக்கல்களும் கண்ணீரும் தாய்மொழிக்கு வெளியே நிகழுமாயின், அம்மொழி வீட்டுப்பேச்சாகச் சுருங்கிவிடும். இதனை மாற்றுதல் இயலும். கனடாவின் டொராண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் என்னும் குழுவினர், புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை மையமாக வைத்து 'வெண்பா' என்னும் விளையாட்டை 2023இல் வெளியிட்டனர். 2024இல் அது பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு முதற்படைப்புக்கு வழங்கும் விருதைப் பெற்றது. யாப்பின் பெயரைத் தாங்கிய விளையாட்டு உலக அரங்கில் ஏறியுள்ளது என்பது தமிழ்த்துறையினர் எண்ணி மகிழத்தக்க செய்தியாகும்.

ஆகவே மாணவர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. ஆடுவதாயின் தெளிந்த வேடத்தோடு ஆடுங்கள். தோழர் சொல்வதைச் செவிமடுங்கள். எடுத்த முடிவின் சுமையைத் தாங்குங்கள். ஒவ்வொரு பெருமுடிவுக்குப் பின்னும் அதனை எடுத்த காரணத்தைத் தமிழில் அரைப்பக்கம் எழுதுங்கள். மூன்று பாகங்கள் முடியும்போது உங்கள் கையில் ஒரு சிறு நூல் இருக்கும். அதனைத் துறைக்குக் கொண்டுவாருங்கள். நாம் சேர்ந்து படிப்போம்.